அவ்வளவு பெரிய வீடு

"பெருசுன்னா எவ்ளோ பெருசும்மா? அதைப் பொறுத்துத்தான் வார்த்தை!"

வீடு வாங்கி விற்கும் தரகு ஆபீஸில் ஆங்கில விளம்பரம் எழுதுகிறவன் அவன். ஆபீஸில் எல்லாரும் 'டிக்‌ஷனரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பப் பெருசு தம்பி," என்றாள் மெல்ல.

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொன்னா எப்படி? 'பிக்'னா சும்மா பெருசு. 'ஸ்பேஷியஸ்'னா தாராளமா கை வீசி நடக்கலாம். 'ஹ்யூஜ்'னா பாக்கறவன் வாயைப் பொளக்கணும். 'வாஸ்ட்'னா கண்ணுக்கு எட்டுற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கணும். சொல்லும்போதே பாருங்க, வாய் எவ்ளோ அகலமா திறக்குது!"

"கடைசியா சொன்னீங்களே, அதான்."

டிக்‌ஷனரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷ சர்வீஸில் 'வாஸ்ட்' எழுத அவனுக்குக் கொடுத்துவைத்ததே இல்லை. வருவதெல்லாம் தீப்பெட்டி வீடுகள். 'கோஸி', அதாவது அடக்கமா கதகதப்பா இருக்கும் என்று எழுதி ஒப்பேற்றிவிடுவான். ஆசைப்பட்டுப் போன வாரம் ஒரு சமையலறைக்கு 'ஸ்பேஷியஸ்' போட்டு மாட்டிக்கொண்டான். ஃபிரிட்ஜைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை என்று வாங்கினவர் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். இன்னொரு புகார் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் இரட்டைக் குழந்தைகள் வேறு, பாவம்.

"நிஜமாவே அவ்ளோ பெருசா?"

"காலையில துடைப்பத்தை எடுத்தா பொழுது சாஞ்சுடுது. பெருக்கி முடிய மாட்டேங்குது தம்பி."

"ஆத்தாடி! வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்க மாட்டாரா?"

"அவரை எவ்ளோ கூப்பிட்டாலும் பதில் வராது."

"அந்தக் கோடிக்குச் சத்தமே எட்டாது போல!" பரபரவென்று குறித்துக்கொண்டான்.

"நான் பேசுறது எனக்கே திரும்பிக் கேக்குது."

"எதிரொலி வேறயா! சரிதான்!"

"கட்டில்ல படுத்துக்கிட்டு கையை நீட்டுவேன். நீட்டிக்கிட்டே இருப்பேன். அந்த ஓரம் வரவே வராது."

டிக்‌ஷனரி பேனாவை வைத்துவிட்டான். மத்தியான வெயிலில் கண் தானாகச் செருகியது. அந்த வீட்டுக்குள் அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு. வெள்ளைத் திரை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. அவன் வீட்டு வாண்டுகள் இரண்டும் கூடத்தின் அந்தப் பக்கம் சின்னப் புள்ளிகளாக ஓடுகின்றன. அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பு இவன் காதுக்கு வருகிறது. அடடா, வாழ்ந்தால் அப்படி ஒரு வீட்டில் வாழ வேண்டும்!

"இவ்ளோ அழகான வீட்டை யாராவது விப்பாங்களாம்மா?"

"பெருசா இருக்கறதாலதான் விக்கிறேன். எனக்குச் சின்னதா ஒண்ணு போதும்." மடியிலிருந்த கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இந்த மாசத்துக்குள்ள வித்துக் குடுத்துடுங்க தம்பி. இன்னும் கொஞ்ச நாள் அங்க இருந்தா எனக்குப் பைத்தியமே புடிச்சிடும்."

பணக்காரங்களுக்குத்தான் எத்தனை விதமான கஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். "கவலையை விடுங்க, நானாச்சு. ஆனா அளந்து பாக்காம அச்சுக்கு அனுப்ப மாட்டேன்."

தாளில் பென்சிலால் 'வாஸ்ட்' என்று ஆசை தீரக் கொட்டை எழுத்தில் எழுதினான். இருப்பதிலேயே நீளமான டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

இரண்டு தெரு தள்ளி, மூன்று மாடி ஏறினார்கள். நடையில் வரிசையாக ஆறு கதவுகள். தளம் மொத்தமும் இவங்களோடதுதான் போல என்று அவன் மனசு துள்ளியது. அவள் மூன்றாவது கதவின் பூட்டைத் திறந்தாள்.

ஒரு கட்டில். ஓர் அடுப்பு. ஒரு ஜன்னல். செருப்பு விடுகிற இடமே இவ்வளவு என்றால்!

"உள்ள போலாமாம்மா?"

"இதான் தம்பி உள்ள."

அவனுக்குப் புரியவில்லை. டேப்பை இழுத்தான். முழுசாக இழுப்பதற்குள் சுவர் வந்துவிட்டது. பத்தடிக்கு எட்டடி. திரும்ப அளந்தான். அதே பத்து, அதே எட்டு.

"என்னம்மா, விளையாடறீங்களா?" அவனுக்கு வந்த கோபத்தில் மூச்சு இரைத்தது. "இதுக்குப் போய் 'வாஸ்ட்'னு போட்டா நாளைக்கே எனக்கு வேலை போயிடும்! எங்க உங்க வீட்டுக்காரர்? கூப்பிடுங்க, அவரையே கேக்கறேன்!"

அவள் குனிந்து, கட்டிலின் அந்த ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் இருந்த தலையணையைத் தடவினாள்.

"போன மாசம் வரைக்கும் இங்க ரெண்டு பேர் இடிச்சுக்காம நடக்க முடியாது தம்பி. அவர் காலை நீட்டினா கதவைத் திறக்க முடியாது," என்றாள். "அவரை எடுத்துட்டுப் போன அன்னிக்குத்தான் இது இவ்ளோ பெருசாச்சு."