தூசியைக் கழித்தால்

தொலைதூர கேலக்ஸிகளில் தூசி மண்டிக் கிடக்கும். அந்தத் தூசியைக் கழித்துவிட்டு, அதன் பின்னால் எங்கே விண்மீன்கள் பிறக்கின்றன என்று அகச்சிவப்பு ஒளியை வைத்துச் சொல்லும் கணினி மாதிரி என்னுடையது. இடிபாட்டுத் தூசியில் சிக்கியவர்களை உடல் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்க, அதை அப்படியே தீயணைப்பு ட்ரோன்களில் ஏற்றிவிட்டார்கள். அது அறிவிக்கும் சொற்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கரூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷர் சரிந்து, தூசியில் எதிரே நிற்பவர்கூடத் தெரியாதபோது ட்ரோன் அறிவித்ததாம்: "இளம் விண்மீன் ஒன்று. ஆயுள் ஒரு கோடி ஆண்டு."

வீரர்கள் அந்த இடத்தைத் தோண்டினார்கள். நல்லதம்பி உயிரோடு கிடைத்தார்.

நேற்று அவர் மனைவி சம்பூரணம், பூவன் வாழைத்தார் ஒன்றோடு அவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

"அந்த அறிவிப்பை இன்னும் மாத்தலைங்க. தப்பு எங்களோடதுதான்" என்றேன் வெட்கத்தோடு.

"அய்யோ, மாத்தீராதீங்க!" என்றவர், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். அவர் தோளில் படிந்திருந்த பஸ் தூசியை முந்தானையால் தட்டிவிட்டார்.

"ஏனுங்க, ஒரு கோடி வருசம் இந்த மனுசனோட எப்படிங்க காலந்தள்றது?"