ஒரே எண்

மூன்றாவது பென் டிரைவையும் கணினியில் சொருகினாள்.

அதே எண்.

பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினாள். திரையில் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். ஒன்றுகூட மாறவில்லை.

கருமம்.

எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் கணினி முதலில் அது யாரென்று கேட்கும். டிரைவர் என்கிற நிரல் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய், பதிலாக ஓர் எண்ணை வாங்கி வரும். கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பென் டிரைவைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாலும் குறிப்பு போகாது. அதைத் தேடி எடுப்பதுதான் தடய ஆய்வகத்தில் அவள் வேலை.

கல்லூரியில் வினாத்தாள் திருடுபோன கணினியில் இந்த எண் இருந்தது. எழுத்தர் தனசேகர் வீட்டில் போலீஸ் கைப்பற்றிய பென் டிரைவிலும் இதே எண். ‘இந்த எண் உலகில் வேறெந்தக் கருவிக்கும் இராது’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தனசேகர் உள்ளே போய் ஐந்து மாதம்.

இப்போது மேசைமேல் இன்னும் மூன்று. காலையில் அவன் மனைவி பரிமளா கொண்டுவந்தவை. தேர்வுப் பயிற்சியில் எழுத்தர்கள் நாற்பது பேருக்கும் இதையே இலவசமாகக் கொடுத்தார்களாம். அவனோடு வேலை பார்ப்பவர்களின் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கியிருக்கிறாள்.

வக்கீல் மூலமாக வா என்று சொல்லியிருக்க வேண்டும். பாவம் பார்த்துத்தான் வாங்கினாள். ஐந்து நிமிட வேலை, பார்த்துச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

எவனோ ஒரு சோம்பேறி, தயாரித்த இடத்திலேயே, அத்தனைக்கும் ஒரே எண்ணை எழுதித் தொலைத்திருக்கிறான்.

மலிவுச் சரக்கில் இப்படி நடக்கும். அவளுக்குத் தெரியாதா என்ன? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கிச் சொருகிப் பார்த்திருந்தால் போதும்.

பார்க்கவில்லை.



‘வேறெந்தக் கருவிக்கும் இராது’ என்ற வரியை அவள் எழுதியது இந்த ஓர் அறிக்கையில் மட்டுமா? ஆறு வருடம். அறுபத்து மூன்று அறிக்கைகள். எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் அதே வரிதான். இதைத் திருத்தினால் அத்தனையையும் தோண்டுவார்கள். வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. அவற்றை நம்பி எத்தனை பேரை உள்ளே தள்ளினார்கள் என்று யாராவது கேட்பார்கள்.

அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்ததே இல்லை.

மூன்றையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் இருந்த பரிமளா சட்டென்று எழுந்தாள். இரண்டு மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தாள்.

“ஒண்ணொண்ணும் வேற வேற நம்பர்ம்மா. அவர்கிட்ட இருந்ததோட எதுவுமே சேரல.”

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

பரிமளா அழுவாள், காலில் விழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. பரிமளா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாப் பாத்தீங்களா மேடம்?”

தலையாட்டினாள்.

“எம் புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணாருங்க அந்த மனுசன்.”

நீட்டிய கையிலிருந்து பரிமளா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

மதியம் ஜெயிலில் அவரைப் பார்க்க மனு போட்டிருக்கிறேன், இங்கிருந்து நேரே அங்கேதான் என்று பரிமளா காலையில் சொல்லியிருந்தாள். ஜெயில் வழியாகப் போகும் பஸ் வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார்.

பரிமளா ஏறவில்லை.