பவளப்பாறையில் ஒரு குண்டு

“இதுக்கு மேல ஒரு முழம்கூடப் படகு போகாது மேடம். வேணும்னா நீங்க நீந்திப் போய்க்குங்க.”

படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டார். மீன் ஆய்வாளர் முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“பாறை இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கே?”

“அதுக்கு அடியில குண்டு கிடக்கு மேடம். ஏதோ பழைய போர்க்கப்பல்ல இருந்து விழுந்ததாம். இன்னும் வெடிக்கல.”

“யார் பார்த்தது?”

“என் மச்சானோட சகலை.”

“கண்ணால பார்த்தாரா?”

“அவரோட கூட்டாளி கண்ணால பார்த்தாராம். மூணு வருஷமா நாலு துறைமுகத்துப் படகும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கிறதில்ல.”

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, இதே பாறையைச் சுற்றி வலை போட வேண்டாம் என்று கேட்கத்தான் அவர் முதன்முதலில் இங்கே வந்தார். மீன்கள் கூடி முட்டையிடும் இடம் அது. சினை மீனையே அள்ளிவிட்டால் அப்புறம் எதை அள்ளுவீர்கள் என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கினார்.

முடிந்ததும் சங்கத் தலைவர் எழுந்தார். “மீனைப் புத்தகத்துல பார்த்தவங்க, நமக்குக் கடலைச் சொல்லிக்குடுக்க வந்திருக்காங்க” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆய்வாளர் படங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அவர் குண்டைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மீன்களை எண்ணாமல் திரும்பிப் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தார்?

பாறைமேல் ஐம்பது மீட்டர் அளவுநாடாவை விரித்து, அதையொட்டித் தென்பட்ட மீன்களை எண்ணினார். மூன்று வருடங்களுக்கு முன்பு நான்கே நான்கு கலவா மீன்கள். இன்று முப்பத்தேழு. அவற்றில் ஒன்று அவர் கை நீளம் இருந்தது. ஓடி ஒளியாமல் அவரை மேலும் கீழும் பார்த்தது. குண்டு மட்டும் கண்ணில் படவில்லை. மணலுக்குள் புதைந்திருக்கலாம்.

படகில் ஏறியதும், அறிக்கையில் ‘மீன்கள் பெருகியதற்குக் காரணம்’ என்ற இடத்தில் ‘குண்டு’ என்று எழுதினார்.

மாலையில் சங்க அலுவலகத்துக்குப் போனார். தலைவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். மீன் சந்தையில் கடை போட்டிருக்கும் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டாக்டரம்மா. மீனெல்லாம் சௌக்கியமா?”

“ரொம்ப சௌக்கியம். முன்னே நாலு கலவா இருந்த இடத்துல இன்னைக்கு முப்பத்தேழு.”

“அப்படியா” என்றார் தலைவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் கேக்கல. ஒரு குண்டு வாயைத் திறக்காமலே சாதிச்சிடுச்சு.”

“எல்லாத்துக்கும் நேரம் வரணும்ல.”

“ஆனா மனசு கேக்கலைங்க. அது வெடிச்சா மீனும் போகும், மனுஷனும் போவான். நாளைக்குக் காலையில கடற்படைக்கு எழுதப்போறேன். ஆளை இறக்கித் தேடி எடுத்துடுவாங்க.”

தலைவரின் கை நின்றது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

“எழுதாதீங்க டாக்டரம்மா.”

“உயிர் விஷயம். தெரிஞ்சும் எப்படிச் சும்மா இருக்கிறது? அன்னைக்கு என் மேல இருந்த கோபம் உங்களுக்கு இன்னும் போகலைன்னா...”

“கோபமா? அன்னைக்குக் கூட்டத்துல முன்வரிசை பூரா வெளித்துறைமுகத்துப் பெரிய படகு முதலாளிங்க. நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டியிருந்தா, நாங்க ஒதுங்கின மறுநாளே அவங்க வந்து வழிச்சுட்டுப் போயிருப்பாங்க. அதான் உங்களைத் திட்டி அனுப்பிட்டு, அவங்களும் போனப்புறம் நாங்க மட்டும் உக்காந்து முடிவு எடுத்தோம்.”

“என்ன முடிவு?”

தலைவர் மனைவியைக் கைகாட்டினார்.

“அந்தக் குண்டைப் போட்டது நான்தான்மா” என்றார் அவர், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “காலைச் சந்தையில, ஒரே ஒருத்தி காதுல, ‘யார்கிட்டயும் சொல்லிடாதே’ன்னு.”