கூரைக்குள் ஒரு கை

பங்குனி வெயில் கூரையில் ஏறுவதற்கு முன்பே அது இன்னும் தாங்குமா என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அர்த்தனாரி ஏறிவிட்டார். உள்ளே இருசாயி அண்ணாந்து நிற்கிறாள். கூரை மாற்றுவதென்றால் வீட்டுக்கு ஒரு கட்டுப் புல்லாக ஊரே கொண்டுவந்து வேய்ந்து கொடுத்துவிடும். வந்தவர்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு போடுவது மட்டும் வீட்டுக்காரி பாடு. அவளிடம் இருப்பதோ குதிரின் அடியில் கிடக்கும் விதைச் சாமை மட்டும். சீமையில் வெள்ளைக்காரன் சண்டை போடுகிற வருஷம். காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில்கூடத் தானியம் இல்லை. விதையை உலையில் போட்டுவிட்டால் மழைக்கு எதை விதைப்பாள்? மேலே புல் சரசரக்கிறது. கரித்தூள் அவள் நெற்றியில் உதிர்கிறது. முழங்கை வரை கூரைக்குள் புகுந்த ஒரு கை துழாவுகிறது. மூங்கில் வரிச்சுகளுக்கு நடுவே நான்கு விரல்கள் எட்டிப் பார்க்கின்றன, கூடவே ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அடுப்புப் புகை நீலமாகச் சுருள்கிறது. விரல்கள் ஒரு புல்லைப் பிடித்து ஒடிக்கின்றன. மொடுக்கென்று சத்தம்.

“அம்மிணி, மேல்புல்லுதான் நைஞ்சிருக்குது. உள்ளார கெட்டியா இருக்குதுங்க. உங்கூட்டு அடுப்புப் பொகை ஏறி ஏறி ஒரு பூச்சி அண்டலை. இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்குமுங்க.”

“நெசமாத்தான் சொல்றீங்களாண்ணா?”

“அட, கையை உட்டுப் பாத்துத்தானே சொல்றேன்.”

இருசாயி அடுப்பைத் திரும்பிப் பார்க்கிறாள். இந்தப் புகையை எத்தனை நாள் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறாள்! அடுப்படியில் குந்தி, ஈர விறகு ஒன்றைத் தள்ளி ஊதுகிறாள். புகை குபுகுபுவென்று எழுந்து முகத்தில் அப்புகிறது. கண்ணில் நீர் வழிகிறது. இன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.