முங்காத மாப்பிள்ளை

"நீங்க முங்கிட்டு வாங்க அத்தை. நான் இங்கன பையைப் பாத்துக்கிறேன்."

மருமகன் காளீஸ்வரன் இப்படிச் சொன்னதும் முருகலட்சுமிக்குச் சுருக்கென்றது. ராமேஸ்வரம் வரைக்கும் வந்துவிட்டு அக்னி தீர்த்தத்தில் இறங்காத ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"புருஷன் பொண்டாட்டி கையைக் கோத்து முங்கணும் மாப்பிள்ளை. அதுக்குத்தானே வந்தது?"

"இருக்கட்டும் அத்தை."

மகள் துர்காதேவிக்காவது கோபம் வர வேண்டாமா? அவள் பாட்டுக்குக் கணுக்கால் தண்ணீரில் நின்று, தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு கரையேறிவிட்டாள்.

முருகலட்சுமி பேருக்கு ஒரு முங்கு முங்கி எழுந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. சம்பந்தியம்மா மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக முருகலட்சுமியின் ஊரான நயினார்கோவில் வரைக்கும் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. எங்கேயாவது கூட்டிப்போனால் இரண்டு பேருக்கும் மனசு ஒட்டும் என்று அவளே யோசித்துக் கிளப்பிய பயணம் இது.

"கொடைக்கானலுக்குப் போகணும்னா கொள்ளைக் காசு வேணும். நம்ம ராமேஸ்வரத்துல கடலும் இருக்கு, மலையும் இருக்கு, தனுஷ்கோடி காத்தும் இருக்கு. பஸ்ஸுக்கு ஆகுறதுதான் செலவு. சோத்தை நான் கட்டிட்டு வாரேன்" என்று போனில் பெருமையடித்ததும் அவள்தான்.

சோறு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை முகத்தில்தான் ஒரு கொத்துத் தாடி. 'பொண்டாட்டி பிடிக்காதவன்தான் இப்படி வளர்ப்பான்' என்று பக்கத்து வீட்டு மாரிச்செல்வி சொன்னது முள்ளாகக் குத்தியது.

அடுத்து கந்தமாதன பர்வதம். பேர்தான் பர்வதம். பார்த்தால் ஒரு மணல்மேடு, அதன்மேல் ராமர் பாதம் இருக்கும் மண்டபம்.

காளீஸ்வரன் அடிவாரத்திலேயே நின்றுவிட்டான்.

"நீங்க போயிட்டு வாங்க அத்தை."

"இதெல்லாம் ஒரு மலையா மாப்பிள்ளை? எங்க ஊரு கண்மாய்க்கரை இதைவிட ஒசரம்!"

"பரவாயில்ல அத்தை."

"நானும் அவருகூட இருக்கேன்மா. நீ கும்பிட்டுட்டு வா" என்றாள் துர்கா.

முருகலட்சுமி தனியாக ஏறினாள். மேலே நின்றால் சுற்றிலும் கடலும் தென்னையும் கோபுரமும் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். அவள் எதையும் பார்க்கவில்லை. ராமர் பாதத்துக்கு முன்னால், 'எம்பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துராதப்பா' என்று மட்டும் வேண்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி வந்தாள். இனிமேலும் பொறுப்பதற்கில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லிருங்க. எம்பொண்ணு உங்களுக்கு வேண்டாமா?"

காளீஸ்வரன் திகைத்துப்போனான். "என்ன அத்தை, இப்படிக் கேக்குறீங்க?"

"பின்ன? அவ கையைப் பிடிச்சுக் கடல்ல இறங்க மாட்டேங்குறீங்க. சேந்து நாலு படி ஏற மாட்டேங்குறீங்க. மூஞ்சியைப் பாத்தா சாமியார் மாதிரி தாடி!"

துர்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, கடல்ல முங்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, முடியில கத்தி படக் கூடாது. நம்ம ஊர்ல எந்த ஆம்பளையை நீ இப்படியெல்லாம் வெரட்டுவே?"

முருகலட்சுமி வாயைப் பிளந்தாள். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது சவரம் செய்துகொண்டான் என்று சொந்தத் தம்பியையே தெருவில் வைத்துத் திட்டியவள் அவள்!

"அடியேய்... நெசமாவா?"

"மூணாவது மாசம்மா. இவருக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எம்மனசு நிம்மதிக்காகத்தான் இந்தக் கூத்து."

முருகலட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகளை இழுத்து முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்புறம்தான் கோபம் வந்தது.

"பெத்தவகிட்ட எதுக்குடி மறைச்சே? நான் என்ன கண்ணா வைக்கப்போறேன்?"

துர்கா புருஷனைப் பார்த்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சொல்ல வேண்டாம்னது நான்தான் அத்தை. போன ரெண்டு தடவையும் சந்தோசம் தாங்காம வீடு வீடாப் போயி இனிப்புக் குடுத்தீங்க. அப்புறம் பிள்ளை தங்கலைன்னு அதே வீட்டுல எல்லாம் உங்க வாயாலயே சொல்லி அழுதீங்களாமே... மூணாவது தடவையும் உங்களை அப்படி அழவைக்க எனக்கு மனசு வரலை."