நாலாவது கோடு

"இன்னும் ஸ்வல்ப மேல ஏத்து. கண் மட்டம்னா கண் மட்டம். நீ என் மூக்கைக் குறி வெச்சிட்டு நிக்கற!"

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சந்தானம் அதட்டினார். குரலில் மட்டும்தான் பழைய சந்தானம் மிச்சம் இருந்தார். சட்டை, ஆணியில் மாட்டினது மாதிரி தோளில் தொங்கியது.

பாஞ்சாலி ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, காமிராவை ஒரு விரல் உயர்த்தினாள்.

"போதுமாங்க?"

"என்னைக் கேட்டா? நாளைக்குக் கஸ்டமர் வந்து உக்காந்தா, அவங்களையே கேப்பியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக இதே பேஜார். பிளேட் மாட்டு, மருந்து கலக்கு, ஸ்டாண்டை ஏத்து, இறக்கு என்று அவளைப் போட்டு வாட்டுகிறார். படுக்கப் பிடிக்காத மனுஷன், பொழுது போகாமல் படுத்துகிறார் என்று அவளும் பொறுத்துக்கொண்டாள்.

வயிற்றில் கட்டி, இனி கத்தி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவளோ, "வெறும் புண்ணுதானாம், கஞ்சி குடிச்சா ஆறிடுமாம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

சிவாஜிநகரில் பாதிப் பேரைப் படம் பிடித்த அவருக்கு, சொந்தமாக ஒரு படம் கிடையாது. இன்று எடுக்காவிட்டால் இனி எடுக்க முகமே இருக்காது. காரணத்தைச் சொல்லவும் முடியாது.

"ஷோகேஸ்ல ஊரான் படமெல்லாம் இருக்கு. முதலாளி படம் வேணாமா?" என்று நச்சரித்துத்தான் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என் மூஞ்சியை வெச்சா வர்ற ஜட்காவும் திரும்பிப் போயிடும்டி" என்று சிரித்துக்கொண்டேதான் அவரும் உட்கார்ந்தார்.

ஸ்டாண்டின் காலில், காமிரா நிற்க வேண்டிய உயரத்துக்கு ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. நிற்பவருக்கு ஒன்று, உட்காருபவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. அந்தப் பழைய கோடுகள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. உட்காருபவர் கோட்டுக்குச் சற்றுக் கீழே இன்னொன்று, புது மரம் தெரிய வெளுப்பாகக் கிடந்தது.

"இது எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன். எலி கடிச்சதுன்னு சொன்னீங்க."

"படிச்ச எலி. கோடு நேரா இருக்கு பாரு. ஜல்தி ஆகட்டும், வெளிச்சம் போயிடும்."

அவள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்தார். இனி அழுவதற்கு இந்தத் துணியைவிட்டால் அவளுக்கு வேறு இடமில்லை.

சந்திரம்மாவின் ஞாபகம் வந்தது. புருஷன் செத்த பிறகு, அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு இதே கடைக்கு வந்து அழுதவள். "வாசலுக்கு மேல மாட்டியிருக்கேன் அண்ணா. அவரு என்னைப் பாக்கவே மாட்டேங்கறாரு. எதிர் வீட்டு ஓட்டுக் கூரையைப் பாக்கறாரு!"

அவள் போன பிறகு சந்தானம் விளக்கினார். ஆல்பத்தில் வைக்கும் படத்துக்குத்தான் கண் மட்டம். மாலை போட்டு மேலே மாட்டும் படத்துக்குக் காமிராவை நெஞ்சு மட்டத்துக்கு இறக்க வேண்டும். அப்போதுதான் பார்வை கீழே இறங்கி, வீட்டு மனுஷர் மேல் விழும். ஜட்காவில் வயசானவர்களைக் கூட்டி வந்து தனிப் படம் கேட்டால், சந்தானம் சத்தமில்லாமல் ஸ்டாண்டை இறக்குவார். கூட்டி வந்தவர்களுக்குப் புரியும். உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது.

இவருக்குப் புரியாதா? ஒரு விரல் இறக்கினாலே போதும், எல்லாம் விளங்கிவிடும். இறக்காவிட்டால், அவள் சாகிற வரைக்கும் அந்தக் கண்கள் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

தெரிந்து சாவதைவிடத் தெரியாமலே போகட்டும். படத்தில் தன்னைப் பார்க்காவிட்டால் போகிறது. அவள் திருகை இறுக்கினாள்.

"என்ன, துணிக்குள்ள தூங்கிட்டியா?"

"சரியாத் தெரியலீங்க. மங்கலா இருக்கு."

"கண்ணைத் தொடைச்சிட்டுப் பாரு. தெரியும்."

"மருந்து நெடி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

துடைத்துக்கொண்டு பார்த்தாள். துணியை விட்டு வெளியே வந்து பிளேட்டைச் செருகினாள். நாற்காலியில் அவர் நெற்றி வேர்த்திருந்தது. இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றித்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்."

"ஸ்டாண்டு சரியா இருக்கா? நல்லாப் பாத்துக்கோ. இந்த ஆள் இன்னொரு வாட்டி உக்கார மாட்டான்."

"கண் மட்டம்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே."

"வேற ஒண்ணும் மாத்த வேணாமே?"

"வேணாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். காமிராவின் மூடியைக் கழற்றக் கை வைத்தாள்.

"நில்லு, பாஞ்சாலி."

அவள் நின்றாள்.

"அந்த நாலாவது கோட்டுக்கு இறக்கு. ஆஸ்பத்திரி வெராண்டாவுல நீ முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு நின்னியே, அன்னிக்கு வந்து, என் நெஞ்சுக்கு நானே அளந்து கீறினது அது. எதிர் வீட்டு ஓட்டுக் கூரையை நான் எதுக்குடி பாக்கணும்?"