கேட்க ஆள் இல்லாத நாய்

"நான் கத்தியைத் தொட மாட்டேன்."

அவள் இப்படிச் சொன்னதும் ஆபரேஷன் ரூமில் இருந்த மற்ற ஐந்து மாணவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பச்சை கவுன் போட்டாச்சு, கையுறை மாட்டியாச்சு, நாய்க்கு மயக்க ஊசி போடுகிற நேரம். அப்போது போய் அடம்பிடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றான் ஒருவன். வீட்டில் இவளை இப்போதே 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம் என்று இன்னொருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அது உண்மைதான். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்னும் இடமே கிடைக்கவில்லை. அதற்குள் அவள் அப்பா, பொண்ணு வெளிநாட்டுக்குப் போய் ஆபரேஷன் பண்ணப் போகிறாள் என்று டமாரம் அடித்துவிட்டார். சித்தப்பா தினமும் போட்டோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு ஆபரேஷன் பழக்குகிற இந்த முகாம் முடிந்து தருகிற சான்றிதழில் 'அறுவை சிகிச்சை செய்தார்' என்று ஒரு வரி இருந்தால் போதும், கல்லூரியில் இடம் கிடைத்த மாதிரிதான். அந்த ஒரு வரிக்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தாள்.

ஆனால் நேற்று நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. ஒரு மாணவன் போட்ட முடிச்சு நாயின் வயிற்றுக்குள் நழுவிவிட்டது. உள்ளேயே ரத்தம் கொட்டி ஈறெல்லாம் வெளுத்துப்போன அந்தச் செவலை நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள்தான். டாக்டர் ஓடிவந்து வயிற்றைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மாணவன் கணக்கில் ஆபரேஷன் ஒன்று கூடியது. நாயின் கூண்டில் தொங்கிய அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். அவ்வளவுதான்!

முகாம் மேனேஜர் வந்தார். முதலில் சிரித்தார்.

"உங்க ஊர்ல இந்த வயசுல யாராவது உன் கையில கத்தியைக் குடுப்பாங்களா? இங்கே குடுக்கறோம். கசக்குதா?"

"எங்க ஊர்ல ஏன் சார் குடுக்க மாட்டாங்க?"

"அங்கே நாய்க்குச் சொந்தக்காரங்க இருப்பாங்க, கேள்வி கேட்பாங்க. இது தெருநாய். கேட்க ஆள் இல்ல."

அந்த மருத்துவமனையின் வழக்கம் அது. ஒவ்வொரு நாயின் கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் பெயர் இருந்தால் டாக்டர் மட்டும்தான் தொடலாம். கட்டம் காலியாக இருந்தால் நாய் மாணவர்கள் மேஜைக்குப் போகும்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்க சார் என்றாள்.

அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "வேலை செய்ய இஷ்டமில்லாதவங்க வெளியே போகலாம்" என்றார்.

இவரெல்லாம் ஒரு டாக்டரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஊசியும் நூலும் மருந்தும் முகாம்காரர்கள் தருவது, அவர் வாயைத் திறந்தால் நாளைக்கே நிறுத்திவிடுவார்கள் என்று கம்பவுண்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தால் என்ன? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

விடுவிடுவென்று போய் அட்டையை எடுத்தாள். காலிக் கட்டத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"இப்ப கேட்க ஆள் இருக்கு சார். இது என் நாய். டாக்டர்தான் ஆபரேஷன் பண்ணணும்."

மேனேஜரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "சான்றிதழை மறந்துடு."

"மறந்துட்டேன் சார்."

"இந்த ஒண்ணுக்கு நீ சொந்தக்காரி. நாளைக்குப் பதினொரு நாய் வருதே, அதுக்கெல்லாம் யாரு?"

மேனேஜர் அதோடு நிற்கவில்லை. இனி மாணவர்கள் யாரும் அட்டையில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவளைக் கூண்டு கழுவ அனுப்பினார். டாக்டர் ஒன்றும் பேசாமல் அவள் நாய்க்கு ஆபரேஷன் செய்து முடித்துவிட்டுப் போனார். மாலையில் அது எழுந்து வாலை ஆட்டியது. நாளைக்கு வரப்போகிற பதினொன்றை நினைத்து அவளுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை அவள் கூண்டு கழுவிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கையில் அட்டைக் கட்டோடு பாய்ந்து வந்தார்.

"உனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்! பதினொண்ணுலயும் எழுதி வெச்சிருக்கே?"

வாங்கிப் பார்த்தாள். பதினொரு அட்டையிலும் உரிமையாளர் கட்டம் நிரம்பியிருந்தது. புழு நெளிகிற மாதிரி ஒரே கிறுக்கல்.

"இது என் எழுத்து இல்ல சார். எனக்குப் படிக்கவே வரல."

வாளியோடு அந்தப் பக்கமாக வந்த கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்க யாருக்கும் வராதும்மா. பன்னிரண்டு வருஷமா இந்தக் கிறுக்கலைப் படிச்சுத்தான் நான் மருந்து எடுத்துக் குடுக்கறேன்" என்று ஆபரேஷன் ரூமைக் காட்டினார்.

உள்ளே பதினொரு நாய்களின் சொந்தக்காரர், வழக்கம்போல ஒரு வார்த்தையும் பேசாமல், கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.